பேணியின் அடியில் இருந்த வேல்

சிவமயம்

கோண்டாவில்,
12.10.1986

கமலாவதிக்கு,

முருகன் விட்ட வழியில் இங்கே நாட்கள் போகின்றன. நீரும் என் தம்பி தங்கராசாவும் பிள்ளையும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கந்தசட்டி வருகிறது. சாமியறையைத் துடைக்கப் போனால், முருகனுக்குப் பாலூற்றும் வெள்ளி மூக்குப்பேணி இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. நீர் புறப்பட்ட அன்றே கண்டேன். வீட்டை விட்டுப் போகிற உம்மோடு ஏன் வாய் கொடுப்பான் என்று இருந்துவிட்டேன். அரிசிமாத் தகரத்துக்குள் புதைத்துக் கொண்டுபோனீராம், தம்பியே எழுதியிருக்கிறான்.

அது உமது தகப்பனார் சீதனத்தோடு தந்த சாமான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் அடியில் வேல் தோன்றியது எங்கள் வீட்டில். 79ஆம் ஆண்டு கந்தசட்டியன்று அம்மா அதைக் கவிழ்த்து வைத்தபோது கண்டது ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து அது எங்கள் முருகனுடைய பேணி. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடும்.

மகன் குலேந்திரன் கொழும்புக்குப் போயிருக்கிறான். வேறு புதினம் இல்லை.

உமது மச்சாள்,
சிவநேசம்

—

சிவமயம்

மொன்றியல்,
9.11.1986

அன்புள்ள மச்சாளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உங்கள் முழங்கால் நோவு எப்படி? பனங்கட்டிக் காப்பி குடிப்பதைக் குறைத்தீர்களா? குலேந்திரனுக்குக் கடவுச்சீட்டுக் கிடைத்ததா?

உங்கள் கடிதம் கந்தசட்டி முடிந்த அடுத்த நாள் வந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் இரண்டு அறை. குசினி அலுமாரியின் மேல்தட்டைக் காலியாக்கி முருகனை வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் கோவில், மூடினால் கோப்பை அடுக்கு. ஆறு நாளும் விரதம் இருந்தேன். மூலையில் உள்ள தெப்பனர் கடையில் பால் வாங்கி, அதே பேணியால்தான் ஊற்றினேன்.

மச்சாள், நீங்கள் மூத்தவர். மரியாதையோடு எழுதுகிறேன், ஆனால் தரமாட்டேன். மாவுக்குள் புதைத்தது உங்களுக்கு ஒளிக்க அல்ல. வழியில் பறிக்கிறவர்களுக்கு ஒளிக்க. அப்பா திருகோணமலைத் துறைமுகத்துக்கு முன்னால் பேக்கரி வைத்திருந்தவர். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சரணடைந்து நின்ற இத்தாலிக் கப்பல் ஒன்றின் மாலுமிகள் கையில் காசில்லாமல் நின்றபோது, மாதக்கணக்காய்ப் பாண் கொடுத்தார். போகும்போது அவர்கள் கொடுத்துவிட்டுப் போனது அந்தப் பேணி. கோப்பிக்குப் பால் ஊற்றுகிற சாமானாம். அப்பா அதை விற்கவில்லை, மகளுக்கென்று வைத்தார். அப்பாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அடியில் இருக்கிற குறி அப்போதே இருந்திருக்கும். முதலில் கண்டவர் மாமி, அவ்வளவுதான்.

“அக்காவும் நீரும் அடிபடுங்கோ, என்னை நடுவில இழுக்காதேங்கோ” என்று இவர் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டார்.

என்றும் உங்கள்,
கமலாவதி

—

சிவமயம்

கோண்டாவில்,
15.12.1986

கமலாவதிக்கு,

முழங்கால் இருக்கிறபடி இருக்கிறது. உங்கள் சுகத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனை செய்கிறேன், அதில் குறை வைக்கவில்லை.

அப்போதே இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர். இருந்திருக்கும் என்பது பேச்சு. கண்டீரா? கலியாணம் முடித்து வந்து ஏழு வருடம் அந்தப் பேணியைக் கையில் எடுத்தீரா? அடுப்படியும் பிள்ளையும் என்று நீர் நின்றீர். வெள்ளிக்கு வெள்ளி பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தவள் நான்.

நீர் வீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுகிறவர். இதற்கும் ஆதாரம் காட்டும். உமது தகப்பன் தந்த நாளிலேயே அந்த வேல் இருந்தது என்று காட்டினால் நான் வாய் திறக்கமாட்டேன். காட்ட ஏலாவிட்டால் பேணி கோண்டாவிலுக்கு வரவேண்டும். கெதியாய் வரவேண்டும்.

சிவநேசம்

—

சிவமயம்

மொன்றியல்,
25.1.1987

அன்புள்ள மச்சாளுக்கு,

இங்கே மூக்கால் விடுகிற மூச்சே உறைகிற குளிர். மகள் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். இவருக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை. கை முழுக்க நூல் தூசி, மற்றப்படி சுகம்.

ஆதாரம் கேட்டீர்கள். நல்லது, தேடுகிறேன்.

வீட்டின் மேல்மாடியில் கொன்செத்தா என்று ஓர் இத்தாலிக்காரி இருக்கிறாள். புருஷனை இழந்தவள், அறுபத்தைந்து வயது இருக்கும், மனதில் நினைத்ததை அப்படியே உரத்துச் சொல்லுவாள், அப்படி ஒரு குரல். தைப்பொங்கலன்று பொங்கல் கொடுக்கக் கூப்பிட்டேன். அரை பிரெஞ்சும் மிச்சம் கையும் முகமுமாய்க் கதைக்கிறோம். சர்க்கரைப் பொங்கலை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “கமலா, இதில ஏலக்காய் கூடிப் போச்சு” என்று குறையும் சொன்னாள். “குறை சொல்லுற வாய் கோப்பையை ஏன் நக்கினது?” என்று நானும் கேட்டேன். இருவரும் சிரித்தோம்.

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த பேணியை எடுத்து, “உங்கட நாட்டுச் சாமான், பாருங்கோ, அடியில எங்கட சாமியின்ர வேல்” என்று பெருமையாய்க் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. பேணியை மேசையில் வைத்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். பத்து நாளாகக் கதவைத் திறக்கிறாள் இல்லை.

என்னவென்று அறியாமல் விடமாட்டேன். நகர நூலகத்தில் வெள்ளி முத்திரைகளுக்கென்றே புத்தகம் இருக்கிறதாம்.

மச்சாள், உங்கள் இரண்டாம் கடிதத்தில் குலேந்திரனைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டிருந்தேன்.

உங்கள்,
கமலாவதி

—

சிவமயம்

கோண்டாவில்,
1.3.1987

கமலாவதிக்கு,

எல்லோரும் சுகம். அவனும் சுகமாய் இருப்பான்.

புத்தகம் படித்தது போதும். பேணியை அனுப்பும்.

சிவநேசம்

—

சிவமயம்

மொன்றியல்,
29.3.1987

அன்புள்ள மச்சாளுக்கு,

முருகன் அருளால் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வருகிறது. சரி, நீங்கள் கேட்ட ஆதாரத்தை எழுதுகிறேன்.

நூலகத்தில் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்களாம். சனிக்கிழமைகளில் பேணியைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோய், அங்கேயே பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்தேன். இங்கிலீசு எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

இத்தாலி வெள்ளிக்குக் காலத்துக்குக் காலம் முத்திரை மாறியிருக்கிறது. முற்காலத்தில் கோட்டையை முடியாய் வைத்த பெண்ணின் தலை. பெரிய சண்டைக்குச் சில வருடம் முந்தி, சாய்சதுரக் கட்டத்துக்குள் ஒரு கம்புக் கட்டும் அதில் செருகிய கோடரியும், பக்கத்தில் பட்டறையின் இலக்கமும் ஊரின் இரண்டு எழுத்தும். அது அப்போது ஆண்ட பாசிசக் கட்சியின் சின்னமாம்; சண்டை முடிகிறபோது அந்த ஆட்சியும் விழுந்தது, கோடரியையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் பேணியில் சாய்சதுரம் இருக்கிறது. ஊர் மிலான். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் 800 என்று இருப்பது, ஆயிரத்தில் எண்ணூறு பங்கு வெள்ளி என்று. கட்டத்துக்குள் இருப்பது கோடரி.

ஆகவே அது நான் பிறக்க முந்தியே மிலானில் குத்திய முத்திரை. அப்பா சொன்ன கதை சரி. உங்கள் வீட்டில் ஒன்றும் தோன்றவில்லை. பேணி என்னுடையது.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடிக்க மனம் வரவில்லை.

நான் கண்டுபிடித்ததைப் படத்தோடு எழுதிக் கொன்செத்தாவின் கதவுக்குக் கீழே தள்ளினேன். அன்று பின்னேரம் இறங்கி வந்தாள். அவளுடைய அப்பா சப்பாத்துத் தைக்கிறவராம். அந்தக் கட்சிக்காரர் ஊர்வலம் போனபோது தொப்பி கழற்றவில்லை என்று கடைக்குள் புகுந்து அடித்து, ஆமணக்கெண்ணெயை வாய்க்குள் ஊற்றிச் சந்தியில் நிறுத்தி வைத்தார்களாம், ஊர் பார்க்க. அவளுக்கு அப்போது பத்து வயது. அவர்கள் தொப்பியில் இருந்தது இதே கோடரிதானாம்.

“இதாலயோ நீ சாமிக்குப் பால் ஊற்றுறாய்?” என்று கேட்டாள்.

அடுத்த நாள் ஒரு பழம்பொருள் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன், புத்தகத்தில் நான் பிழையாய் வாசித்திருக்கக் கூடாதா என்ற ஆசையில். கடைக்காரர் கண்ணில் கண்ணாடியை இடுக்கிப் பார்த்தார். “சரியாத்தான் வாசிச்சிருக்கிறீங்க மேடம். ஆனா ஆர் இதைப் போட்டு இப்படித் தேய்ச்சது? இந்தக் குறிக்காகவே தேடி வாங்குற ஆக்கள் இருக்கினம். இனித் தேய்க்காதேங்க. குறி போனா விலை போச்சு” என்றார்.

“என்ன மாதிரி ஆக்கள்?” என்று கேட்டேன். தோளை உயர்த்தினார். அவர் கையிலிருந்து பேணியைப் பறித்த மாதிரித்தான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் வென்றுவிட்டேன் மச்சாள். முருகனின் வேலைத் தோற்றுவிட்டு வென்றிருக்கிறேன். அலுமாரிக் கதவை இரண்டு நாளாகத் திறக்கவில்லை.

உங்கள்,
கமலாவதி

—

சிவமயம்

மொன்றியல்,
24.5.1987

மச்சாளுக்கு,

உங்கள் சுகத்தை இனி வேறு ஆட்களிடம்தான் கேட்டறிய வேண்டும் போலிருக்கிறது.

நேற்று பார்க் மெட்ரோ வாசலில் அருமைநாதனைக் கண்டேன். உங்கள் ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருந்த பெடியன். வந்து ஒரு கிழமை. குலேந்திரன் கொழும்பில் யாரோடு நிற்கிறான் என்று கேட்டேன்.

“என்ன அக்கா, உங்களுக்குத் தெரியாதே? அவனைப் போன புரட்டாதியில ஆமிக்காரர் பஸ்ஸால இறக்கிக் கொண்டு போட்டாங்கள். தெற்கில ஏதோ முகாமிலயாம். அவன்ர தாய் ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராய் ஏறி இறங்குறா.”

நான் அந்த வாசலிலேயே விரல் விட்டு எண்ணினேன். புரட்டாதி. அப்படியென்றால் நீங்கள் முதல் கடிதம் எழுதும்போதே அவன் உள்ளே. “கொழும்புக்குப் போயிருக்கிறான்” என்று எழுதியிருக்கிறீர்கள். பாலூற்றி வேண்டுதல் செய்யத்தான் பேணியைக் கேட்டிருக்கிறீர்கள். ஏன் மச்சாள் சொல்லவில்லை? நான் உங்களுக்கு அவ்வளவு பிறத்தியோ? அவனுக்குச் சோறு ஊட்டிய கை இது. ஒரு வரி எழுதியிருந்தால், பேணியை மட்டுமா, என்னையே பார்சல் பண்ணி அனுப்பியிருப்பேன்.

இவர் அழுதார். நான் அழவில்லை. எனக்குக் கோபம் வந்தது, உங்களிலும், அவனைக் கொண்டுபோனவர்களிலும், அந்தக் கோடரிக்காரரிலும்.

கோடரி என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கமாட்டேன், பொய்யென்றால்தானே வாங்குவதற்கு. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்தேன். வேறு செம்பு இருந்தது, எடுக்கவில்லை. அந்தப் பேணியிலேயே பாலை நிறைத்தேன். “முருகா, பிள்ளையைச் சிறையில வைச்சிருக்கிறவன் மாதிரி ஒருத்தன்ர முத்திரைச் சாமானாலதான் ஊத்துறன். இது உன்ர வேலோ அவங்கட கோடரியோ, நீயே தீர்த்துக்கொள். எனக்கு எங்கட பிள்ளை வேணும்” என்று சொல்லி ஊற்றினேன். கெஞ்சவில்லை. கேட்டேன்.

ஒவ்வொரு வெள்ளியும் ஊற்றுவேன். பேணியை அனுப்ப இப்போது பாதையும் இல்லை. மனமும் இல்லை. இங்கேயிருந்தே கேட்கிறேன்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கமலாவதி

—

சிவமயம்

கோண்டாவில்,
22.8.1987

கமலாவதிக்கு,

இடையில் சண்டை நடந்ததும் தபால் நின்றதும் அங்கேயும் செய்தியில் வந்திருக்கும். உமது பங்குனிக் கடிதமும் வைகாசிக் கடிதமும் ஒரே நாளில் போன கிழமை வந்தன. தம்பிக்கும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம்.

குலேந்திரன் வந்துவிட்டான். சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு விட்டவர்களோடு விட்டார்கள். மெலிந்து போனான். சாப்பாட்டுத் தட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். “ஆரடா உன்ர சோத்தைப் பறிக்கப் போகினம்?” என்று கேட்டால் சிரிக்கிறான், கையை எடுக்கிறான் இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர். சொன்னால் இரக்கப்பட்டுத் தந்திருப்பீர். இரந்து வாங்கின பேணியால் ஊற்ற எனக்கு மனமில்லை. என் உரிமை என்று கேட்டேன். நீர் உமது உரிமை என்று மறுத்தீர். மறுத்ததில் எனக்குக் கோபமுண்டு, குறையில்லை. நானென்றாலும் தந்திருக்கமாட்டேன். இங்கே அலுமினியப் பேணியால்தான் ஊற்றினேன்.

இனிக் கோடரிக் கதை. புத்தகம் படித்துக் கண்டுபிடித்ததாய் எழுதியிருக்கிறீர். எனக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. நீர் கலியாணம் முடித்து வந்த முதல் வெள்ளிக்கிழமையே அதைக் கவிழ்த்துப் பார்த்தவள் நான். கம்புக் கட்டு மாதிரி ஒன்று, கன்னத்தில் ஒரு வெட்டுவாய். யாரோ ஒரு அரசாங்கத்தின் முத்திரை என்று பார்த்தவுடனே தெரிந்தது. எங்கள் முருகனுக்கு முன்னால் எவனுடைய முத்திரையும் நிற்கக் கூடாது என்றுதான் அந்த இடத்தைத் தனியாய்ப் பெருவிரலால் தேய்த்தேன். ஏழு வருடம் தேய்த்தேன். கம்பெல்லாம் போய் ஒரு தண்டு மிஞ்சியது. வெட்டுவாய் கரைந்து இலை மாதிரி ஆனது. அந்தக் கந்தசட்டிக்கு அம்மா கவிழ்த்துப் பார்த்து “வேலெடி!” என்று கத்தினா. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வேல்தானே இருந்தது.

எங்கள் வீட்டில் தோன்றியது என்று எழுதியது பொய்யில்லை, கமலா. சாமான் உமது தகப்பனுடையது. வேல் என் கையுடையது.

குலேந்திரனை அங்கே எடுக்க வழி இருந்தால் தம்பியைப் பார்க்கச் சொல்லும். இதையும் இரக்கத்துக்குக் கேட்கவில்லை. பேணியில் என் பங்குக்குக் கேட்கிறேன்.

சிவநேசம்

—

சிவமயம்

மொன்றியல்,
17.9.1987

என் அன்பு மச்சாளுக்கு,

குலேந்திரன் வந்த செய்தியை இவர் மூன்று தரம் வாசித்துவிட்டு, கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான்காம் தரம் வாசிக்க எனக்குத் தர மனமில்லை. அவன் எத்தனையாம் திகதி வந்தான், நான் எந்த வெள்ளி ஊற்றினேன் என்று பொருத்திப் பார்க்கவேண்டாம். நானும் பார்க்கமாட்டேன். முருகனிடம் பற்றுச்சீட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை.

உங்கள் கடிதத்துக்குப் பிறகு திரும்பவும் நூலகத்துக்குப் போனேன். புத்தகத்தில் உள்ள தெளிவான படத்தையும் பேணியின் அடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு சனிக்கிழமை அதைப் பார்த்தவள் நான். படத்தில் இருக்கிற எது பேணியில் இருக்கிறது என்றுதான் தேடினேன், எது இல்லை என்று பார்க்கவில்லை. கம்புகள் இல்லை. கயிறு இல்லை. வெட்டுவாய் இல்லை. உங்கள் பெருவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதன் நடுவில் வேல்.

உங்கள் பங்கை ஏற்றுக்கொள்கிறேன். இவர் நாளைக்கு லீவு போட்டுக் குலேந்திரனின் விஷயமாய்க் குடிவரவுக் கந்தோருக்குப் போகிறார். நானும் போவேன். அங்கே இருக்கிறவர்கள் இல்லை என்று சொன்னால் அடுத்த நாளும் போவேன், வகுப்பில் படித்த பிரெஞ்சு முழுவதையும் அவர்கள் தலையில் கொட்டுவேன். பேணியை மட்டும் அனுப்பமாட்டேன். உங்கள் பங்கை வாங்க உங்கள் மகன் இங்கே வரட்டும். பிறகு நீங்களும் வாருங்கள். வந்து நின்று சண்டை பிடியுங்கள்.

கொன்செத்தாவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்து, தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். “விரலாலேயோ?” என்று கேட்டாள். “ஓம், விரலால. புளியும் சாம்பலும் போட்டு.” பேணியைக் கேட்டு வாங்கினாள். அன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு போனவள், இன்றைக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டாள். “எங்க அந்தப் புளி?” என்றாள். பதினைந்து நிமிடம் இருந்து தேய்த்தாள். தேய்க்கும்போது அவள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். செபமோ திட்டோ தெரியாது. குரலைப் பார்த்தால் திட்டுத்தான்.

இப்படியே தேய்த்தால் வேலும் ஒரு நாள் அழிந்துபோகுமே என்று இவர் கவலைப்பட்டார். அழியட்டும். அது இருந்த இடம் எங்கள் பெண்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தப் பழம்பொருள் கடைக்காரர் அன்றைக்கே எங்கள் வீட்டு விலாசத்தை வாங்கி வைத்திருந்தார். யாரோ ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறாராம், குறி இன்னும் தெரிகிறதா, இனித் தேய்க்கவில்லைத்தானே என்று விசாரித்து எழுதியிருக்கிறார். பதில் எழுதவில்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. பழப்புளி ஊறப் போட்டிருக்கிறேன்.

குலேந்திரனுக்குச் சொல்லுங்கள், அவனுக்கென்று ஒரு தட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய தட்டு. ஒரு கையால் மறைக்க ஏலாது.

உங்கள் பங்காளி,
கமலாவதி